காய்கறி ஆம்லெட்டில் காயைப் பச்சையாகப் போடாதீர்கள்

காலை அவசரத்தில் காய்கறி ஆம்லெட் போடுகிற பலரும் செய்வது இதுதான். வெங்காயம், தக்காளி, காளான், கையில் கிடைத்த கீரை எல்லாவற்றையும் நறுக்கி, முட்டையோடு கலந்து அடித்து, அப்படியே தவாவில் ஊற்றிவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் ஊற்றினேன். தட்டில் வைத்த இரண்டாவது நிமிஷம் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். வெங்காயம் பச்சை வாசனை அடிக்கும், முட்டையோ ரப்பராகியிருக்கும். தீயைக் கூட்டினேன், குறைத்தேன், பால் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

கோளாறு முட்டையில் இல்லை, காயில் இருக்கிற தண்ணீரில். தக்காளியின் எடையில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். காளானும் பசலைக்கீரையும் 90 சதவீதத்துக்கு மேல். முட்டை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கி, 70-ஐ ஒட்டிக் கெட்டியாகிவிடும். காயின் நீர் வற்ற அந்தச் சூடும் போதாது, அந்த நேரமும் போதாது. காய்க்காகக் காத்திருந்தால் முட்டை பதம் தாண்டிவிடும்; முட்டைக்காக இறக்கினால் காய் வேகாது.

அதனால் காயைத் தனியாக வதக்கிவிடுங்கள். காளான் வதங்குவதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம். போட்டதும் சடசடக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு, சத்தம் அடங்கி, கொதிக்க ஆரம்பிக்கும். பலர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். இறக்காதீர்கள். நீர் வற்றி மறுபடியும் சடசடக்கும், ஓரமெல்லாம் பொன்னிறமாகும். அதுதான் பதம். கீரை என்றால் ஒரு நிமிஷம் வதக்கி, ஆறியதும் உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். ஒரு பிடிக் கீரையிலிருந்து எவ்வளவு பச்சைத் தண்ணீர் வழிகிறது என்று பாருங்கள்! அத்தனையும் ஆம்லெட்டுக்குள் போயிருக்கும். தக்காளியில் விதையையும் சாற்றையும் வழித்துவிட்டுச் சதையை மட்டும் போட்டால் போதும்.

காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான். முந்தின இரவே வதக்கி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் மிச்சமிருப்பது ஐந்து நிமிஷ வேலை.

இரண்டு முட்டையை உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, வெள்ளைக்கரு தனியாகத் தெரியாதபடி அடியுங்கள். பால் வேண்டாம். முட்டையிலேயே முக்கால் பங்கு தண்ணீர்தான். 20 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் தவாவில் முதலில் வதக்கிய காயைச் சூடுகாட்டி எடுத்து வைத்துவிடுங்கள்; சில்லென்ற காயை வைத்தால் ஆம்லெட்டே ஆறிப்போகும். அப்புறம் வெண்ணெய். அது பொங்குவது அதிலுள்ள நீர் ஆவியாவதால். நுரை அடங்கியதும் முட்டையை ஊற்றலாம். ஓரம் இறுக இறுக நடுவுக்குத் தள்ளி, தவாவைச் சாய்த்து, இறுகாத முட்டையை ஓரத்துக்கு ஓடவிடுங்கள். மேலே லேசாக ஈரம் இருக்கும்போதே ஒரு பாதியில் காயைப் பரப்பி, மடித்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் ஈரமே இல்லாமல் முழுக்க வேகவிடுங்கள், அதில் சமரசம் வேண்டாம்.

இரண்டு முட்டைக்கு வதக்கிய காய் மூன்று மேஜைக்கரண்டி தாங்கும். அதற்கு மேல் வைத்தால் மடிக்கும்போது கிழியும். மிஞ்சின காயைத் தட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.