போட்ட குண்டை எடுக்கற செலவு போட்டவங்களோடதுதான்

2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவி கிட்டத்தட்ட எல்லாத்தையும் 90 நாளைக்கு நிறுத்தி வெச்சப்ப எச்ஐவி மருந்து நின்னது, சாப்பாடு நின்னதுன்னு நிறைய பேர் எழுதினாங்க, எழுதவும் வேணும். ஆனா அதே ஆர்டர்ல லாவோஸ், கம்போடியா, வியட்நாம்ல வெடிக்காத குண்டு தேடிட்டு இருந்த டீம்களும் டிடெக்டர கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போனாங்க. அதப் பத்தி நம்ம பக்கம் பேச்சே காணோம். அப்புறம் அங்கங்க விலக்கு குடுத்து திரும்ப ஆரம்பிச்சாங்கதான், ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

லாவோஸ மட்டும் எடுத்துக்குவோம். வியட்நாம் போர் சமயத்துல, 1964ல இருந்து 1973 வரைக்கும் 5,80,000 தடவை அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டிருக்கு. ஒம்போது வருஷம், ராத்திரி பகல் பாக்காம, எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம்னு கணக்கு வருது. மொத்தம் 20 லட்சம் டன்னுக்கு மேல, அப்ப அந்த நாட்டு ஜனத்தொகையே 30 லட்சம் கிடையாது. இத்தனைக்கும் லாவோஸ் நடுநிலை நாடுன்னு 1962ல ஜெனீவால ஒப்பந்தம் போட்டிருந்தாங்க, வட வியட்நாமும் அத மதிக்கல, அமெரிக்காவும் மதிக்கல. வியட்நாம்ல குண்டு போடப் போய் வானிலை சரியில்லாம திரும்பி வந்த விமானம், மிச்சக் குண்டோட தரையிறங்க வேணாம்னு லாவோஸ் மேல கொட்டிட்டுப் போனதும் நடந்திருக்கு.

இதுல கொத்துக்குண்டுதான் இன்னைக்கும் ஆளக் கொல்லுது. ஒரு பெரிய கூட்டுக்குள்ள அறுநூத்துச் சொச்சம் சின்னக் குண்டு, ஒவ்வொண்ணும் டென்னிஸ் பந்து சைஸ். கூடு நடுவானத்துல பிளந்துக்கும், பந்தெல்லாம் சுத்திக்கிட்டே விழும், அந்த சுத்துலதான் வெடிக்கத் தயாராகும். சேத்துலயோ மரக்கிளையிலயோ மெத்துன்னு விழுந்தா வெடிக்காம அப்படியே மண்ணுக்குள்ள போயிடும். 27 கோடி போட்டதுல 8 கோடி வெடிக்கலன்னு மதிப்பீடு. அங்க ஜனங்க அத "பொம்பி"ன்னு சொல்றாங்க. நாத்து நட மண்வெட்டிய ஓங்கினா வெடிக்கும், குளிருக்கு தரையில தீ மூட்டினா அடியில சூடேறி வெடிக்கும், பந்துன்னு நெனச்சு புள்ளைங்க எடுத்தா வெடிக்கும். போர் முடிஞ்சதுக்கப்புறம் மட்டும் செத்தவங்க, கை கால் போனவங்க 20,000 பேருக்கு மேல.

எடுக்கற வேலை எவ்வளவு மெதுவானதுன்னு தெரிஞ்சாதான் பணத்த பாதியில நிறுத்தறது எவ்வளவு பெரிய அநியாயம்னு புரியும். கயிறு கட்டி நிலத்த பாத்தி பாத்தியா பிரிச்சு டிடெக்டர் வெச்சு அங்குலம் அங்குலமா போவாங்க, சத்தம் கேட்டா அங்க ஒரு அடையாளம், அப்புறம் ஒருத்தர் உக்காந்து பக்கவாட்டுல இருந்து மண்ண கரண்டியால எடுப்பாரு, பெரும்பாலும் ஆணியோ தகரமோ குண்டுச் சிதறலோதான் இருக்கும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குண்டுதான்னு நெனச்சே தோண்டணும். நிஜமாவே குண்டுன்னா ஊர்ல மைக் வெச்சு சொல்லி எல்லாரையும் தள்ளி நிக்க வெச்சு அதே இடத்துல வெடிக்க வெப்பாங்க. லாவோஸோட ஷியெங் குவாங் மாகாணத்துல கல் ஜாடிகள் இருக்கற சமவெளி இருக்கே, 2019ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச இடம், அங்க தரையில சின்னச் சின்ன கல்லு பதிச்சிருக்கும். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் மண்ணுக்கடியில தேடல. இந்த வேலைக்குப் பழகின ஒருத்தர வீட்டுக்கு அனுப்பிட்டா அவரு வேற பொழப்பு பாத்துட்டுப் போயிடுவாரு, பணம் வந்ததும் ஸ்விட்ச் போட்ட மாதிரி டீம் திரும்ப வந்து நிக்காது.

பணக்கணக்கையும் பாருங்க. 2013 டாலர் மதிப்புல, அந்த ஒம்போது வருஷமும் லாவோஸ் மேல குண்டு போட தினமும் ஆன செலவு 1.33 கோடி டாலர். 2016ல ஒபாமா அங்க போய், இந்த நாட்டோட காயம் ஆற உதவறது எங்க தார்மீகக் கடமைன்னு சொல்லி மூணு வருஷத்துக்கு 9 கோடி டாலர் அறிவிச்சாரு. அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தர் பதவியில இருக்கும்போது அங்க போனதே அதான் முதல் தடவை, அத நான் கொறச்சு சொல்லல. ஆனா அந்த 9 கோடி, ஏழு நாள் குண்டு போட்ட செலவுக்குக் கூட வராது.

அம்பது வருஷம் ஆச்சே, இப்ப வரி கட்டற அமெரிக்கக்காரன் என்ன பாவம் பண்ணான்னு கேக்கறாங்க. இப்ப வயல்ல கால் வெக்கற லாவோஸ் புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இன்னொரு வாதம், அமெரிக்கா விட்டா சீனா உள்ள வந்துடும், அதனால குடுக்கணும்னு. கம்போடியால அமெரிக்கப் பணம் நின்ன சமயத்துல சீனா 44 லட்சம் டாலர் குடுக்கவும் செஞ்சது. எனக்கு இந்த வாதமே பிடிக்கல. சீனா மேல இருக்கற பயத்துல குடுக்கற காசு, அந்தப் பயம் தீர்ந்த அன்னைக்கு நின்னுடும். குண்டு போட்டவங்க நீங்க, அதனால நீங்க குடுக்கணும், அவ்வளவுதான். வருஷா வருஷம் பட்ஜெட்ல கெஞ்சற மாதிரி இல்லாம, எந்த ஜனாதிபதி வந்தாலும் ஒரு கையெழுத்துல நிறுத்த முடியாத மாதிரி இருபது முப்பது வருஷத்துக்கு சட்டம் போட்டு தனி ஃபண்டா ஒதுக்கணும்.

இலங்கை வடக்குல முகமாலை பக்கம் கண்ணிவெடி எடுக்கறவங்கள்ல நிறைய பேர் நம்ம தமிழ்ப் பெண்கள்தான், அந்த சம்பளத்துல குடும்பத்த நடத்தறவங்க. அதுவும் வெளிநாட்டு நிதியிலதான் ஓடுது. நாளைக்கு அது நின்னா மீள்குடியேற்றமும் நிக்கும், அடுப்பும் அணையும்.

கொத்துக்குண்ட தடை பண்ற ஒப்பந்தம் 2010ல அமலுக்கு வந்துச்சு. அமெரிக்கா சேரல, ரஷ்யா சேரல, நம்ம இந்தியாவும் சேரல. 2023ல உக்ரைனுக்கு அமெரிக்கா அதே வகைக் குண்ட அனுப்பிச்சு, ரஷ்யா அதுக்கு முன்னாடியே அங்க போட்டுட்டு இருந்துச்சு. 2025ல லித்துவேனியா ஒப்பந்தத்த விட்டே வெளிய போயிடுச்சு. இன்னைக்கு போடற குண்ட நாளைக்கு எடுக்கற செலவையும் சேத்து எழுதி வெக்கணும்னு அதனாலதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, குண்டு எடுத்து முடிச்சாலும் செலவு முடியாது. லாவோஸ் தலைநகர் வியெண்டியான்ல கோப்-ன்னு ஒரு மையம் இருக்கு, செயற்கைக் கால் கை செய்ய உதவறாங்க. எட்டு வயசுல கால் போன புள்ள வளர வளர கால மாத்திக்கிட்டே இருக்கணும், வளர்ந்தப்புறமும் சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு வேணும், சாகற வரைக்கும். அந்தக் காலுக்கான காசும் அந்த ஃபண்டுல இருந்துதான் வரணும்.