முதலில் கார்ட்ரிட்ஜை நேராகப் பொருத்துங்கள்

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் வாங்கிய கையோடு பலரும் கேட்பது, இதைவிட நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை ஒலிச் சைகையாக மாற்றும் சிறு பாகம்) எது என்பதுதான். அந்தக் கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. ஏனோதானோவென்று மாட்டிய விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜைக் காட்டிலும், அளவு பார்த்துப் பொருத்திய சாதாரண கார்ட்ரிட்ஜ் தெளிவாகவே பாடும்.

காரணம் எளிய வடிவியல். மூல இசைத்தட்டில் தடத்தை வெட்டும் கருவி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான நம் வீட்டு டோன் ஆர்மோ ஒரு முனையில் நிலைத்து நின்று வில்லாக வளைந்து வருகிறது. ஆகவே ஊசி தடத்துக்கு மிகச் சரியாக நேர்படுவது இரண்டே இடங்களில்தான். பலரும் பின்பற்றும், பேர்வால்ட் என்பவரின் கணக்கின்படி, அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் அமைகின்றன. மற்ற இடங்களில் சிறு கோணப் பிழை இருந்தே தீரும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடும் தடம், கடைசிப் பாட்டுக்கு வரும்போது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்து, ஒலி அலைகள் நெருக்கியடித்து நிற்பதால், அதே பிழை அங்கே பெரிதாகக் கேட்கிறது. பாடகரின் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் கரகரத்தால் இசைத்தட்டைத் திட்டுவதற்கு முன் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜைப் பொருத்துவதையே எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஊசிப் பகுதியைத் தனியே கழற்றி வைத்துவிடுங்கள்; ஒயர் மாட்டும்போது கை தவறினாலும் ஊசி பிழைக்கும். வெள்ளை, நீல ஒயர்கள் இடப்பக்க ஒலிக்கு; சிவப்பு, பச்சை ஒயர்கள் வலப்பக்க ஒலிக்கு. திருகுகளை முதலில் முழுக்க இறுக்காமல், கார்ட்ரிட்ஜ் விரலுக்கு நகரும் அளவில் விட்டுவிட்டு, ஊசியை மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

டெக்னிக்ஸ் சொல்லும் அளவு, டோன் ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. பேர்வால்ட் கணக்குக்குக் கார்ட்ரிட்ஜைச் சற்று முன்னே தள்ளி, லேசாக உட்புறம் திருப்ப வேண்டியிருக்கும். எது உயர்ந்தது என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். பழைய 7 அங்குலத் தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளையே அதிகம் கேட்பவருக்கு, உள்வட்டத்துக்குச் சாதகமான அந்த 52 மி.மீ. போதும் என்பேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் இரண்டையும் கலக்காதிருந்தால் சரி. பேர்வால்ட் கணக்குப்படி கோணம் பார்க்க உதவும் அளவுத் தாளை அச்சிட்டுப் பயன்படுத்துவோர், பிரின்டர் அதைச் சுருக்கிவிடவில்லை என்பதை அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஊசி தட்டை அழுத்தும் எடையில்தான் பலர் பயப்படுகிறார்கள். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்பது தவறான நம்பிக்கை. எடை போதாத ஊசி, உரத்த இடங்களில் தடத்தின் சுவரை விட்டு எழும்பி மோதி அதைச் சிதைக்கிறது. இந்த கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை. 2 கிராமில் வையுங்கள். கார்ட்ரிட்ஜை முன்னும் பின்னும் நகர்த்தினால் எடையும் மாறும் என்பதால், திருகுகளை இறுக்கியபின் மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். செலவு செய்துதான் ஆக வேண்டுமென்றால் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். டோன் ஆர்மை உட்புறம் இழுக்கும் விசையை ஈடுகட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் திருகையும் முதலில் அதே 2இல் வைத்துக் கேட்கலாம். தடமில்லாத வெற்றுத் தட்டில் ஊசியை ஓடவிட்டுச் சோதிக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, ஏனெனில் தடத்துக்குள் எழும் உராய்வு வேறு.

விஎம்95 வரிசையில் இன்னொரு வசதியும் உண்டு. எல்லா ஊசிகளும் ஒரே உடலில் பொருந்துவதால், பிறகு முனை நுண்ணிய எம்எல் (மைக்ரோலீனியர்) ஊசிக்கு மாறினாலும் கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. எடையையும் கோணத்தையும் மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி சிறு கோணப் பிழையைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.