மாணிக்கக் காலணி நாவலில் இல்லை

"'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஆஸ்' 1900-இல் வந்த கதைதானே, பதிப்புரிமை முடிந்துவிட்டது, மாணிக்கக் காலணி, பச்சை முகச் சூனியக்காரி எல்லாவற்றையும் தாராளமாக எடுத்து இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதலாம்" என்று சிலர் சொல்வதில் பாதிதான் சரி.

ஃபிராங்க் பாம் எழுதிய அந்த நாவல் அமெரிக்காவில் 1956-லேயே பதிப்புரிமை முடிந்து, யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஆனால் மாணிக்கக் காலணியும் பச்சை முகமும் 1939-இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனம் இந்தக் கதையை வைத்து எடுத்த படத்தின் சரக்கு. படத்துக்கு அங்கே 95 ஆண்டு உரிமை, அதாவது 2034 முடியும்வரை.

நாவலில் கதாநாயகியான சிறுமி டோரத்தி போடுவது வெள்ளிக் காலணி. மேற்குச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண், ஆனால் தொலைநோக்கி மாதிரி எட்டப் பார்க்கும். தோல் பச்சை என்று எங்கும் இல்லை. வடக்கின் நல்ல சூனியக்காரியும் தெற்கின் நல்ல சூனியக்காரி கிளிண்டாவும் தனித்தனி ஆட்கள், படம்தான் இருவரையும் ஒன்றாக்கியது. எல்லாம் கனவு என்ற முடிவும் படத்துடையதே. நாவலில் பயணம் நிஜம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எழுதும்போது நம் நினைவில் ஓடுவது படம். அதனால் காட்சிப் பட்டியலைப் போட்டதும் 1900 மூலத்தின் 24 அத்தியாயங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அங்கே இல்லாததை அடித்துவிட்டு, சொந்தமாக ஒன்றை வையுங்கள்.

இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நாவலில், மந்திரவாதி ஆளும் மரகத நகருக்குள் நுழைகிற எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பின்னால் பூட்டிவிடுவார்கள். ஊர் அத்தனை பச்சையாகத் தெரிவது அதனால்தான். ஃபில்டர் போட்ட படங்களோடு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேறென்ன வேண்டும்? படம் இதைத் தொடவே இல்லை.