பம்ப் போவதற்குப் பயோடீசல் மட்டுமா காரணம்?

தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் பயோடீசலை ஊற்றினால், பிக்கப் டிரக்கில் எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விடும் என்று நான் படித்த கட்டுரை ஒரேயடியாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 2006-இல் சாலை வாகன டீசலின் கந்தகத்தை 500 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 500 பங்கு) 15-க்குக் குறைத்தார்கள். கந்தகத்தை நீக்கும் அந்தச் சுத்திகரிப்பிலேயே டீசலின் இயல்பான வழவழப்பும் குறைந்துவிடுகிறது. இன்றைய உயர் அழுத்த பம்புகள் பலவற்றுக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் மசகு. 2 சதவீதம் பயோடீசல் கலந்தாலே போதும், அந்த வழவழப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். போஷ் நிறுவனத்தின் சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப் தேய்ந்து, உலோகத் தூள் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகிறது என்று ஃபோர்டு, ஜிஎம் டிரக்காரர்கள் இவ்வளவு புகார் சொன்ன பிறகும் இந்த வழவழப்புப் பிரச்சினையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லையே!

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய டேங்கில் படிந்த கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். அப்போது பம்ப் போதிய டீசல் இல்லாமல் ஓடித் தேயும். பயோடீசல் ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் கெட்டு அமிலமாகும். பழைய வண்டி என்றால் ரப்பர் சீலும் ஊதிப்போகலாம்.

பி20-க்கு (20 சதவீதம் வரை பயோடீசல் கலந்த டீசல்) மாறுபவர்கள் முதல் ஒன்றிரண்டு டேங்க் முடிந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். அப்புறம், சமையல் எண்ணெயில் வீட்டிலேயே தயாரித்ததைக் காமன்ரெயில் வண்டியில் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) தயவுசெய்து ஊற்றாதீர்கள். சரியாகக் கழுவாததில் மிஞ்சும் கிளிசரினும் மெத்தனாலும் பம்பையும் இன்ஜெக்டரையும் சேர்த்தே கெடுக்கும்.