பேசத் தெரியாதவர்களா நாங்கள்?

வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊழியர்களிடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்று கண்டறிந்து, எங்களுக்கு அரைநாள் பயிற்சி வைத்தார்கள். எங்கள் குழுவில் வயதில் இளையவர் ஒரு மாதத்துக்கு முன்பே எழுப்பிய சந்தேகத்துக்கு, "இதையெல்லாம் பொதுவில் கேட்க வேண்டாம்" என்று பதில் எழுதியவர்தான் அந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தார்.

எங்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசியதைக் கேட்கத்தான் ஆளில்லை.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃப் தீவிலுள்ள விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், குறுக்கிட்டுக்கொண்ட வானொலிச் செய்திகள் எனக் காரணங்கள் பல. ஆனால், ஓடுபாதையில் எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று, புறப்படத் தொடங்கிவிட்ட விமானத்தின் பொறியாளர் கேட்டதும், விலகிவிட்டதாகத் தலைமை விமானி அழுத்திச் சொன்னபின் மறுபேச்சே எழாமல் போனதும்தான் என் மனத்தைவிட்டு அகலவில்லை. பின்னர் உருவான விமானக் குழுப் பயிற்சி, கீழே இருப்பவருக்குச் சொல்லவும் மேலே இருப்பவருக்குக் கேட்கவும் சேர்த்தே கற்றுத்தருகிறது. எங்கள் பயிற்சியில் மேலே இருப்பவர்கள் தொடக்கவுரையோடு கிளம்பிவிட்டார்கள், பாவம், அவர்களுக்கு வேறு கூட்டம் இருந்ததாம்.

அலுவலகத்தை விமானத்தோடு ஒப்பிடலாமா என்பீர்கள். ஒப்பிடுவேன். எல்லோர் பேச்சையும் கேட்டால் வேலை நடக்குமா என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேசுவதென்றால், 5 பேருக்குள் 10 இணைப்புகள் என்பது 10 பேருக்குள் 45 ஆகிவிடும். அதனால்தான் எதை யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுதிவைக்கச் சொன்னோம். அதுவும் கேட்கப்படவில்லை.

பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரம் என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே பணிக்கு இரண்டு குழுக்களின் அட்டவணைகளில் வெவ்வேறு தேதிகள் இருப்பதை மின்னஞ்சலில் சுட்டிக்காட்டினேன். "உங்கள் வேலையை மட்டும் பாருங்கள்" என்று 11 பேருக்கு நகலிட்டுப் பதில் வந்தது. கெடு தவறிய நாளில், முன்பே ஏன் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டவர் அந்த 11 பேரில் ஒருவர். அந்த மின்னஞ்சலை நான் இன்றுவரை அழிக்கவில்லை. அன்று அதைத் திறந்து காட்டியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

வியாழனன்று பயிற்சி முடிந்ததும், மனம் திறந்து கருத்துச் சொல்லுங்கள் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பெயர்.