மரம் மறமாக ஒரு பிட் போதும்

'மரம்' என்ற சொல்லின் நடுவே இருக்கும் 'ர' கணினிக்கு வெறும் எண்தான்: யூனிகோடில் 2992. அடுத்த எண்ணான 2993 'ற'. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மட்டும். கணினி வேலை செய்யும்போது தரவை வைத்திருக்கும் ரேமில் அந்த ஒரு பிட் புரண்டால் மரம் மறமாகிவிடும். இதே கணக்கில் வால் வாளாகும், தலை தளையாகும். இரண்டு இடம் தள்ளி இன்னொரு பிட் புரண்டால் படம் மடமாகும். எல்லாமே சரியான சொற்கள் என்பதால், சொல்லைத் தனியாகப் பார்க்கும் எழுத்துப்பிழை திருத்தி எதுவும் பிடிக்காது.

எனக்கு இது படங்களில் நடந்தது. பழைய குடும்பப் படங்களைப் புதிய ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன். சில படங்கள் பாதிவரை நன்றாக இருந்து, அதற்குக் கீழே வெறும் ஊதாப் பட்டையாகிவிட்டன. டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. கடைசியில் ஒரே கோப்பை இரண்டு முறை காப்பி செய்து பைட் பைட்டாக (ஒரு பைட் என்பது எட்டு பிட்) ஒப்பிட்டேன். ஒரே ஒரு பைட் மாறியிருந்தது, அதிலும் ஒரே ஒரு பிட். இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் திரை நிறைய சிவப்பு வரிகள், எல்லா வரியிலும் ஒரே முகவரி. அதற்குள் பேக்கப்பிலும் கெட்ட படங்கள்தான் போய் உட்கார்ந்திருந்தன. சில முகங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஹார்டு டிஸ்கில் பிழை திருத்தம் இருக்கிறது. எஸ்எஸ்டியில் இருக்கிறது. கீறல் விழுந்த சிடிகூட ரீட்-சாலமன் என்ற பிழை திருத்தும் குறியீட்டை வைத்துப் பாடியது. இத்தனைக்கும் நடுவில் எல்லாத் தரவும் கடந்துபோகும் ரேமில் மட்டும், சாதாரணக் கணினி வாங்குகிறவருக்கு அது ஏன் இல்லை? 'இசிசி ரேம் (பிழை திருத்தும் ரேம்) விலை அதிகம், அது சர்வருக்கு' என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. திருத்தத்தின் கணக்கு மலிவானது. அதை விற்கும் முறைதான் விலையை ஏற்றுகிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்டு ஹேமிங் வார இறுதியில் ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) கணினியில் வேலையை ஓடவிட்டுப் போவார். பிழை கண்டால் இயந்திரம் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம், அது எங்கே இருக்கிறது என்றும் கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்று அவருக்கு ஆற்றாமை. அதிலிருந்து பிறந்த குறியீட்டை 1950-இல் வெளியிட்டார். இன்றைய இசிசி ரேமின் அடிப்படை அதுதான்.

அந்தக் கணக்கில் ஓர் அழகு உண்டு. 64 பிட் தரவில் ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டு பிழையைக் கண்டுபிடிக்கவும் 8 கூடுதல் பிட் வேண்டும். அதாவது 12.5 சதவீதம். தரவை இரட்டிப்பாக்கினால் கூடுதல் பிட் இரட்டிப்பாவதில்லை, ஒன்றே ஒன்றுதான் ஏறும். 128-க்கு 9. 256-க்கு 10. 512-க்கு 11 போதும், இரண்டு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

512 பிட் என்பது 64 பைட். இன்றைய பெரும்பாலான பிராசசர்கள் ரேமிலிருந்து ஒரு தடவைக்கு எடுப்பதும் 64 பைட்தான். அந்த 64 பைட்டுக்கு 11 பிட் போதும் என்ற இடத்தில் டிடிஆர்4 தலைமுறை இசிசி ரேம் 64 கூடுதல் பிட் வைக்கிறது. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் ரேம் பலகையை இரண்டு தனித் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 32 பிட்டுக்கு 8 வைக்கும் வகையில் அது 128 ஆகிறது. 25 சதவீதம்! தொழில்நுட்பம் வளர வளரச் செலவு குறையும் என்பார்கள். இங்கே இரட்டிப்பாகியிருக்கிறது.

சர்வர்காரர்களுக்கு இதில் நியாயம் உண்டு. ஒரு சிப் முழுவதுமாகச் செத்தாலும் கணினி நிற்கக் கூடாது என்பதற்காக அந்தக் கூடுதல் பிட்களைப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு தேவை. வீட்டு லேப்டாப்புக்கு அந்த அளவு வேண்டாம். லாரிக்குப் போடும் பிரேக் கிடைக்கவில்லை என்பதற்காக சைக்கிளைப் பிரேக்கே இல்லாமல் விற்பார்களா?

கூடுதல் சிப் இல்லாமலே செய்யலாம். இருக்கிற ரேமிலேயே ஒரு மூலையை ஒதுக்கி, 64 பைட்டுக்கு 2 பைட் வீதம் சரிபார்ப்பு பிட்களை வைத்தால் 16 ஜிபியில் அரை ஜிபி போகும். இது புதிதுமல்ல. என்விடியாவின் டெஸ்லா சி2050 கணக்கீட்டு அட்டையில் இசிசியைப் போட்டால் 3 ஜிபி 2.625 ஜிபியாகக் குறையும். வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். ஆனால் சரிபார்ப்பு பிட்டைப் படிக்க ரேமுக்கு இன்னொரு நடை போக வேண்டும், வேகம் குறையும். ஒரே நடையில் எடுத்து வரும் 64 பைட்டில் 32 துண்டுகளுக்கான சரிபார்ப்பு இருக்கும் என்பதால், அதைப் பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான நடைகள் மிச்சம். 512 பிட் கூட்டத்தில் இரண்டு பிட் புரளும் வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை. அப்போது திருத்த முடியாது, ஆனால் பிழை என்று சொல்லிவிடும். பொய்த் தரவைப் பேசாமல் கையில் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

'டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இசிசி இருக்கிறதே' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, 128 பிட்டுக்கு 8. ஒவ்வொரு பிட்டையும் வைத்திருக்கும் செல்கள் சிறுத்துப் பலவீனமாகிவிட்டதால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு அது. சிப்பிலிருந்து பிராசசர் வரை உள்ள கம்பியில் நடக்கும் பிழை அதற்குத் தெரியாது. உள்ளே ஒன்றைத் திருத்தினாலும் அந்தச் செய்தி நம்மிடம் வராது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில், இசிசியைச் சர்வர் பொருளாக ஒதுக்கிவைத்த வியாபாரத்தைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

செய்தி வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கூகுள் தன் சர்வர்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கணினியில் ரேம் பிழை பதிவானது. அவற்றில் பெரும்பாலானவை விண்கதிர் தாக்கி எப்போதோ ஒரு தடவை வருபவை அல்ல, சிப் பழுதாகி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருபவை. என் ரேமும் அப்படித்தான். ஒரே முகவரி, ஒரே பிட். எண்ணிச் சொல்ல ஒரு கவுண்டர் இருந்திருந்தால் முதல் நாளே அந்த முகவரியைக் காட்டியிருக்கும். இரண்டாவது டிஸ்கை வாங்கியிருக்க மாட்டேன், பழைய பேக்கப்பை அழித்திருக்கவும் மாட்டேன்.