நிழலில் உட்கார்ந்திருந்த அந்த நாலு பேர்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் ஏரியா குரூப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மதியம் இரண்டு மணி வெயில். ரோடு வேலைக்கு வந்த நாலு பேர் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். அவர் முகத்துக்கு நேராகப் போனைக் கொண்டுபோய், "இன்னாம்மா, தூங்கறதுக்கா எங்க வரிப்பணம்?" என்று ஒரு குரல். அந்த அம்மா பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்கிறார். அதோடு முடிகிறது. கீழே ஒரே கைதட்டலும் சிரிப்பும். சிரித்தவர்களில் பாதிப் பேர் நான் மதிக்கிறவர்கள்.

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். "தார் மிக்ஸ் வண்டி வர்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நானும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் ரோட்டில் குழிகளின் ஓரம் சதுரமாக வெட்டப்பட்டு, உள்ளே இருந்த மண்ணும் ஜல்லியும் கூட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் லாரி வந்தால்தான். தாரும் ஜல்லியும் சேர்ந்த ஹாட் மிக்ஸை பிளாண்டில் 150 டிகிரி வாக்கில் கலந்து, தார்ப்பாய் போட்டு மூடி எடுத்து வருவார்கள். சூடு இறங்குவதற்குள் கொட்டி, பரப்பி, ரோலர் ஓட்டிவிட வேண்டும். ஆறிய மிக்ஸைப் போட்டால் அது ஒட்டாது, நாலு நாளில் பெயர்ந்து வரும். வண்டி எப்போது வரும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வந்த நிமிஷம் எழுந்து ஓட வேண்டும். அதுவரைக்கும் மே மாத வேலூர் வெயிலில் நடுரோட்டில் நிற்கச் சொல்கிறீர்களா?

ரோடு கெடுவது அவர்கள் கையால் இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். தாருக்குத் தண்ணீர்தான் எதிரி. தண்ணீர் தேங்குகிற இடத்தில் தங்கத்தையே உருக்கி ஊற்றினாலும் நிற்காது. நம் தெருவில் தண்ணீர் ஏன் தேங்குகிறது? கால்வாய் மேல் கான்கிரீட் கொட்டி, வண்டி ஏற்ற சாய்தளம் கட்டியிருக்கிறோம். கார் கழுவிய தண்ணீரை ரோட்டில் விடுகிறோம். குடிநீர் இணைப்புக்கு ரோட்டை வெட்ட வேண்டும் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும், சீரமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். எத்தனை பேர் கட்டினோம்? ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் வைத்து வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, விடிந்ததும் ஒன்றும் தெரியாதவர் போல வாக்கிங் போனவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அந்த வெட்டு ஒரே மழையில் உள்வாங்கியது. அந்த வீடியோவில் அவர்கள் அடைக்க வந்திருந்த குழிகளில் ஒன்று அதுதான்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். 1997-ல் வேலைக்கு எடுத்தார்களே, அதில் ஒருவர். பெர்ம் என்கிற ரோட்டோர மண்தரையைச் சரிசெய்வது, முள் வெட்டுவது, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறுபாலத்தில் அடைப்பு எடுப்பது, கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளை அடிப்பது, மழைக்கு முன்னால் குழிகளுக்குப் பேட்ச் போடுவது எல்லாம் அவர் வேலை. தார் வேலை நடக்கிற நாட்களில் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார். அப்படியும் விரல் இடுக்கில் தார் ஏறிவிடும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். ரேஷன் மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து அம்மா ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பாள். தோலோடு வரும் சில நாள். அந்த மண்ணெண்ணெய் வாசனையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். இன்றைக்கும் அவர் இடது சுண்டுவிரல் நகம் கறுப்புத்தான்.

2002 செப்டம்பரில் ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. திரும்ப வேலை கிடைத்தது 2006-ல். நடுவில் 41 மாதம். அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். அந்த நாட்களில் அப்பா காட்பாடியில் மூட்டை தூக்கினார், செங்கல் சூளைக்குப் போனார். சைக்கிளில் போகும்போது ரோட்டில் குழியைப் பார்த்தால் இறங்கி ஓரத்துக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். சம்பளம் இல்லாத காலத்தில். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிலர் கேட்பீர்கள். "வரி கட்டுகிறோம், கேட்க உரிமை இல்லையா?" இருக்கிறது. கேளுங்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவரிடம் கேளுங்கள். எஸ்டிமேட் போட்டவர், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டவர், பில் வாங்கியவர் எல்லோரும் இருக்கிறார்கள். புது ரோடு குறிப்பிட்ட காலத்துக்குள் கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே உண்டு. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் காகிதம் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சொன்னார். நம் தெருவில் சுரண்டினார்களா என்று யாராவது போய்ப் பார்த்தோமா? ரோடு ஏறிக்கொண்டே போய் வீட்டு வாசல் பள்ளமான பிறகு கத்துகிறோம். இவ்வளவு பேரை விட்டுவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு ஒரு தினக்கூலி அம்மாவிடம் போயிருக்கிறோம்.

"பைக்கோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்ட ஊர்தானே இது" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஆமாம், 2022-ல் நடந்தது. நாடே பார்த்தது. அதே வருஷம் இதே வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு அடிபம்பையும் விட்டுவைக்காமல் கான்கிரீட்டில் மூடினார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய மேற்பார்வையாளர் எங்கே போனார்? ராத்திரி வேலையில் "நிறுத்தாத, கொட்டு" என்று மேலே இருந்து சொன்னால், கான்கிரீட் தள்ளுகிறவர் நிறுத்திவிட முடியுமா? நிறுத்தினால் மறுநாள் வேலை இருக்குமா? எனக்கு இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

"உன் அப்பா அந்த வேலை பார்த்தவர், அதனால் நீ அவர்கள் பக்கம் பேசுகிறாய்" என்பீர்கள். ஆமாம், அதனால்தான். வேறு யார் பேசப் போகிறார்கள்? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று சிறுபாலத்து அடைப்பை எடுத்தவர்களை யாராவது வீடியோ எடுத்தோமா?

வீடியோ எடுத்த அண்ணனை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. அவர் பையன் அந்தக் குழியில் ஸ்கூட்டியோடு விழுந்து கை முறிந்ததும் தெரியும். அந்தக் கோபம் நியாயம். அதற்குப் பொறுப்பானவரைக் கேட்க வார்டு கவுன்சிலர் வீட்டுக்கோ உதவிப் பொறியாளர் ஆபீசுக்கோ எப்போது போனாலும் சொல்லுங்கள் அண்ணா, லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன்.

அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த அம்மா முகம் நன்றாகத் தெரிகிறது. அவர்கள் வீட்டிலும் பத்து வயதில் ஒரு பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருக்கும்.